சென்னை வெயிலில் மெரைன் டேங்க்: முதன்முதலாக வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கடல்மீன் வளர்க்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குக் கவலை, தண்ணீரை எப்படிச் சூடாக வைப்பது என்பது. நமக்கு எப்படிக் குளிராக வைப்பது என்பது. அதனால் அவர்களுடைய பொருள் பட்டியலை அப்படியே பார்த்து வாங்கினால் ஹீட்டர் அட்டைப்பெட்டியிலும் மீன் ஏப்ரல் மாத வெந்நீரிலும் இருக்கும். சென்னை, கடலூர், புதுச்சேரி, தூத்துக்குடி மாதிரி கரையோர ஊர்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள். உள்மாவட்டத்துக்காரர்களுக்கு எங்கே மாறும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

நன்னீர் மீன் வளர்த்த அனுபவமே இல்லை. நேராக மெரைனுக்கு வரலாமா?

வரலாம். நன்னீரில் தெரிந்துகொண்ட சில பழக்கங்களை மறக்க வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை. பொறுமை மட்டும் வேண்டும்: டேங்க் வாங்கிய நாளுக்கும் முதல் மீன் விடும் நாளுக்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். அந்த நாள் வரை வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு இது சரிப்படாது.

எவ்வளவு பெரிய டேங்க் வாங்கலாம்?

60 × 45 × 45 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 121 லிட்டர். மேலே விடும் இடமும் கல்லும் போக உண்மையில் 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். இடமும் பணமும் இருந்தால் மூன்றடி இன்னும் நல்லது. ஒரு அடி, ஒன்றரை அடி 'நானோ' டேங்குகள் கடையில் அழகாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் 25 லிட்டர் தண்ணீரில் ஒரு மீன் செத்து மறைவில் கிடந்தால் விடிவதற்குள் தண்ணீரே கெட்டுவிடும். 100 லிட்டரில் நீங்கள் கவனிக்க ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். புதியவருக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயம்.

உயரத்தைவிட அகலம் முக்கியம். இரண்டடி உயர டேங்கில் அடிக்கல்லைத் தொட வேண்டுமென்றால் தோள் வரை நனையும். கண்ணாடி 10 மிமீ என்று கேளுங்கள். எடையையும் மறக்க வேண்டாம்: தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 180 கிலோவைத் தொடும். டிவி வைக்கும் பலகையில் ஏற்றிப் பார்க்காதீர்கள்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது?

நல்ல தண்ணீர், நிலையான வெப்பம், கரன்ட் போனாலும் நிற்காத நீரோட்டம். இந்த மூன்றுக்கும் போக மிஞ்சியதில் லைட். கடைகளில் இது தலைகீழாக நடக்கும். நீல வெளிச்சத்தைக் காட்டித்தான் டேங்கே விற்கிறார்கள். சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாருங்கள், லைட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுபவர் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்டால்தான் பேசுவார்.

சில்லர் கட்டாயமா? ஃபேன் போதாதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினான சில்லரின் விலை பெரும்பாலும் டேங்க், ஸ்டாண்டு, பம்ப் மூன்றையும் சேர்த்த விலையைத் தாண்டிவிடும் என்பதால் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் பார்க்கலாம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 6.7 தான் பிடிக்கும். 30 டிகிரிக்குப் போனால் 6.2 ஆகிவிடும். சூடு ஏறும்போது மீனுக்கு மூச்சு வேகமாகும், ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். தண்ணீரில் இருப்பதோ குறைகிறது. இரண்டு பக்கமும் அடி. 25 முதல் 27 டிகிரி வரை நல்லது, 28 பரவாயில்லை. 30-ஐத் தாண்டினால் உறுதியான மீன்கள் தாங்கும், ஆனால் அடுத்து வரும் எந்தச் சின்னப் பிரச்சினையும் பெரிதாகிவிடும். ஒரு நாளுக்குள் மூன்று நான்கு டிகிரி ஏறி இறங்குவது, நிலையாக 29-இல் நிற்பதைவிட மோசம்.

ஃபேன் எப்படிக் குளிர்விக்கிறது? தண்ணீரை ஆவியாக்கி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. கோயம்புத்தூர், மதுரை பக்கம் உலர்ந்த மாதங்களில் ஒரு கிளிப் ஃபேன் மூன்று டிகிரி வரை இறக்கிவிடும். மே மாதச் சென்னையில், மாலை கடல்காற்று புழுக்கத்தோடு வரும் நேரத்தில், அதே ஃபேன் கையை விரித்துவிடும். ஆகவே கரையோர ஊர், மாடி வீடு, மேல்தளம் வெயிலில் காயும் அறை என்றால் சில்லர் வேண்டும். கீழ்த்தளத்தில் வெயில் படாத அறை, மீன் மட்டும்தான், அதுவும் ஒன்றிரண்டு என்றால் ஃபேனை வைத்து ஒரு கோடையை ஓட்டிப் பார்க்கலாம். டேங்க் வாங்குவதற்கு முன்பே ஒரு பக்கெட் தண்ணீரை அந்த இடத்தில் வைத்து, ஒரு வாரம் மதியம் மூன்று மணிக்குத் தெர்மாமீட்டரில் அளந்து பாருங்கள். அந்த எண்ணோடு பம்புகள் தரும் சூட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

சில்லர் என்று முடிவானால்: 100 முதல் 150 லிட்டருக்கு 1/10 எச்பி போதும். உள்ளே இருக்கும் சுருள் குழாய் (காயில்) டைட்டானியமா என்று கேட்டு வாங்குங்கள். செம்புச் சுருள் உப்புநீரில் அரிக்கும், கரையும் செம்பு இறால், நண்டு, நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். இன்னொன்று, சில்லர் டேங்கிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் ஊதும். ஸ்டாண்டின் கதவுக்குள் அதை அடைத்து வைத்தால் தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும். வெளியே, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள்.

அப்படியானால் ஹீட்டர் வேண்டாமா?

சென்னையில் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, டிசம்பர் மாத ஓசூர் என்றால் வேண்டும். டேங்க் இருக்கும் அறையில் இரவெல்லாம் ஏசி ஓடினால் ஒரு 100 வாட் ஹீட்டரை 25-இல் வைத்துவிடலாம், காலையில் ஏறி இரவில் இறங்கும் ஆட்டம் அடங்கும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீரையே கொண்டுவந்தால் என்ன?

கடல்நீரைவிட நல்ல கடல்நீர் கிடையாதுதான். எங்கே எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல். கூவமும் அடையாறும் கலக்கும் இடங்களுக்கு நடுவே இருக்கும் மெரினாவில் எடுக்கவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளத்தால் கரையோரத்தில் உப்பும் குறைந்துவிடும், சேறும் சாக்கடையும் சேர்ந்து வரும். படகில் போய்த் தள்ளி எடுக்க வழியிருப்பவர்கள், எடுத்து வடிகட்டி, இருட்டில் மூடிவைத்துத் தெளியவிட்டு, அளந்து பார்த்துப் பயன்படுத்துகிறார்கள். புதியவருக்கு நான் சொல்வது: ஆர்ஓ தண்ணீரில் மெரைன் சால்ட் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் கெட்டால் காரணம் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்றாவது தெரியும்.

தூத்துக்குடிக் கல் உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே? அதைக் கலக்கக் கூடாதா?

கூடாது. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அப்புறம் ஜிப்சம், அதற்குப் பிறகுதான் சோறுக்குப் போடும் சோடியம் குளோரைடு. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடும், அதை வடித்துவிடுகிறார்கள். ஆக, வாரி எடுத்த கல் உப்பில் கடலின் கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை, தண்ணீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. மெரைன் சால்ட் பாக்கெட்டில் இவை எல்லாவற்றையும் விகிதப்படி திரும்பச் சேர்த்திருப்பார்கள். இன்ஸ்டன்ட் ஓஷன், ரெட் சீ இரண்டும் இங்கே பலரும் வாங்கும் பிராண்டுகள். தொடக்கத்துக்கு எதுவானாலும் சரி.

ஒரு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் போகும். 100 லிட்டருக்கு முதல் முறை மூன்றரை கிலோவுக்கு மேல். பிறகு வாரம் பத்து லிட்டர் மாற்றினால் மாதம் ஒன்றரை கிலோ. தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். தனிப் பக்கெட்டில் ஒரு சின்னப் பம்ப் போட்டு ஒரு நாள் சுற்றவிட்ட பிறகுதான் டேங்குக்குப் போக வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பிரித்த பாக்கெட் கட்டிதட்டிவிடும் என்பதால் இறுக மூடும் டப்பாவும் ஒரு கருவிதான்.

வீட்டில் குடிக்கும் ஆர்ஓ தண்ணீர் போதுமா? கேன் தண்ணீர்?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்துவிட்டுச் சொல்லுங்கள். மலிவான கருவி அது, ஆனால் முதலில் வாங்க வேண்டியது. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் 1000-ஐத் தாண்டும். வீட்டு ஆர்ஓ அதை ஐம்பது, நூறுக்குக் கொண்டுவரும். இப்போது வரும் மெஷின்களில் பலவற்றில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒன்று வைத்துக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கிறார்கள். சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜும் உண்டு. நமக்கு இரண்டும் வேண்டாம். டெக்னீஷியனிடம் சொன்னால் அந்த வழியை மூடித் தருவார். அதற்குப் பிறகு மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாயைச் சேர்த்துவிட்டால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கேன் தண்ணீரும் ஆர்ஓதான், ஆனால் கேனுக்குக் கேன் மாறும். ஒவ்வொரு முறையும் அளக்கத் தயார் என்றால் தாராளமாக வாங்கலாம்.

உப்பின் அளவை எதில் பார்ப்பது?

ரிஃப்ராக்டோமீட்டரில். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவுதான், ஆனால் முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினால் போதும், பொய் சொல்லும். ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) திரவம் ஒரு சின்னப் பாட்டில் வாங்கி அதில் சரிபாருங்கள். இலக்கு 35 பிபிடி, அல்லது ஒப்படர்த்தியில் 1.026.

டாப் அப் என்கிறார்களே, அதற்கு ஒரு மெஷின் அவசியமா?

ஆவியாவது தண்ணீர் மட்டும்; உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. ஃபேன் ஓடும் இரண்டடி டேங்கில் கோடையில் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் போய்விடும். 100 லிட்டரில் மூன்று லிட்டர் போனால் 35 பிபிடி 36 ஆகும். மூன்று நாள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் 38-ஐத் தாண்டியிருக்கும். தினமும் காலையில் ஊற்றும் ஒழுங்கு உள்ளவருக்கு மெஷின் தேவையில்லை. அடிக்கடி வெளியூர் போகிறவர் ஆட்டோ டாப் அப் வாங்கிவிடுவது நல்லது. சென்சார் மாட்டிக்கொண்டாலும் வீடு வெள்ளக்காடாகாதபடி, அது உறிஞ்சும் டப்பாவைப் பத்து லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள்.

லைவ் ராக், அதாவது பாக்டீரியா குடியிருக்கும் கல், எங்கே கிடைக்கும்? ராமேஸ்வரம் பக்கம் பவளக்கல் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். கடினப் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-லிருந்து இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான். உயிருள்ளது மட்டுமல்ல, செத்து வெளுத்த பவளக் கல்லும் இதில் அடங்கும். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் இதே சட்டத்தின் பாதுகாப்பில்தான்; கடையில் யாராவது கடல்குதிரையை எடுத்துக் காட்டினால் மெதுவாக வெளியே வந்துவிடுங்கள். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தே மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் எவ்வளவோ அழிந்துவிட்டன. 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்ததே மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

நமக்குத் தேவை கல்லின் துளைகளில் குடியேறும் பாக்டீரியா. அதற்குப் பவளம் அவசியமில்லை. சுட்ட களிமண்ணில் செய்யும் செராமிக் ராக் நன்றாக வேலை செய்யும். 100 லிட்டருக்குப் பத்து கிலோ போதும். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை ஊற்றி, ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவிட்டுக் காத்திருங்கள். தீனி அழுகி அம்மோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நிற்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடற்கரை மணலும் வேண்டாம். பாக்கெட்டில் வரும் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணலை ஒரு அங்குல உயரத்துக்குப் போடுங்கள்.

ஸ்கிம்மர் இல்லாமல் ஓட்ட முடியுமா?

100 லிட்டர், இரண்டு மூன்று சிறிய மீன், வாரா வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றம் என்றால் முடியும். ஆனால் இரண்டு வாரம் தண்ணீர் மாற்றத் தவறுகிறவர்தான் நம்மில் அதிகம் என்பதால் வாங்கிவிடச் சொல்வேன். மீன் கழிவின் புரதங்கள் காற்றுக்குமிழின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் நுண்குமிழ்களை உண்டாக்கி, அந்த நுரையை மேலே ஏற்றிக் கோப்பையில் தள்ளிவிடும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்: 200 லிட்டர் என்றிருந்தால் உங்கள் 100 லிட்டருக்குச் சரி. புதிதாக மாட்டியதும் முதல் வாரம் ஒன்றும் வராது, அல்லது பொங்கி வழியும். கடைக்காரருக்குப் போன் போடாமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

சம்ப் வைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. டேங்குக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டி அது. ஸ்கிம்மர், டாப் அப் சென்சார், சில்லர் குழாய் எல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும், மொத்தத் தண்ணீரும் கூடும். வைத்தால் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்: எல்லாம் ஓடும்போது மெயினை அணைத்துவிட்டு, மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதையும் சம்ப் தாங்குகிறதா என்று பாருங்கள். வழிந்தால் மேல் குழாயின் வாயை உயர்த்த வேண்டும். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வை நம்பாதீர்கள், உப்புப் படிந்தால் அது மூடாது. சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் வாங்கும்போது உயரத்தையும் கணக்கில் எடுங்கள். மணிக்கு 2000 லிட்டர், அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்று போட்டிருக்கும் பம்ப், ஒரு மீட்டர் உயரத்தில் பாதியைத்தான் தரும்.

சம்ப் இல்லாதவர்களுக்குப் பின்னால் தொங்கவிடும் ஃபில்டரும் தொங்கும் ஸ்கிம்மரும் போதும். இவற்றோடு எல்லா டேங்குக்கும், தண்ணீரை அலைபோல் ஓட்டும் ஒரு வேவ் மேக்கர். மணிக்கு 1500 லிட்டர் அளவில், டிசி மோட்டார் உள்ளதாக. காரணம் அடுத்த பதிலில்.

கரன்ட் போனால் என்ன செய்வது?

வெப்பத்துக்கு அடுத்தபடியாக மீனைக் கொல்வது இதுதான். ஓட்டம் நின்றால் மேற்பரப்பு அசையாது, ஆக்சிஜன் இறங்காது. சூடான கடல்நீரில் இருப்பே குறைவு என்று மேலே பார்த்தோம். சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் வேவ் மேக்கரை மட்டும் அந்த லைனில் மாட்டுங்கள். பத்து வாட்தான் இழுக்கும், இரவு முழுக்கத் தாங்கும். சில்லரை அதில் மாட்டாதீர்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி மின்சாரத்தில் ஓடும் பம்புகள் உறுமும், சூடாகும். டிசி பம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் கரன்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கலாம். புயல் நாட்களில் கரன்ட் நாள்கணக்கில் போவது நமக்குப் புதிதல்ல. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது சென்னையில் பல பகுதிகள் அப்படித்தான் கிடந்தன. அக்டோபர் பிறக்கும் முன்பே அந்தப் பேட்டரியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

லைட்?

மீனும் செராமிக் கல்லும் மட்டும் என்றால் பார்க்கக் கண்ணுக்கு நன்றாயிருக்கும் எந்த எல்இடியும் போதும். ஒரு டைமர் போட்டு எட்டு மணி நேரம். அதிகம் எரித்தால் பாசிதான் வளரும்.

எந்த டெஸ்ட் கிட்?

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச், கேஎச் (கார்பனேட் அளவு). காகிதப் பட்டை வேண்டாம், சொட்டு மருந்து வகையாக வாங்குங்கள். காலாவதித் தேதியைக் கடையிலேயே பாருங்கள். பிஎச் 8.1 முதல் 8.4, கேஎச் 7 முதல் 10 இருந்தால் நிம்மதி.

ஷாக் அடிக்காதா?

உப்புத்தண்ணீர் நன்னீரைவிட நன்றாகவே மின்சாரம் கடத்தும். மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் உடனே கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் டேங்க் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு முறை கீழே தொங்கி ஏற வேண்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் உயரமாக மாட்டுங்கள், தரையில் போடாதீர்கள்.

கரன்ட் பில் எவ்வளவு கூடும்?

ரிட்டர்ன் பம்ப், வேவ் மேக்கர், ஸ்கிம்மர் மூன்றும் சேர்ந்து 40 வாட் என்று வைத்தால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதப் பில்லில் 60 யூனிட். 200 வாட் சில்லர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட், இரண்டு மாதத்தில் 96. ஆகக் கோடையில் 150 யூனிட்டுக்கு மேல் கூடும். நம் பில் படிக்குப் படி விலை ஏறும் என்பதால், ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் இந்த 150 யூனிட் மேல் படியின் விலையில்தான் விழும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

எல்லாம் தயார். முதல் மீன் எது?

க்ளவுன் மீன் ஒரு ஜோடி, குஞ்சுப்பண்ணையில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இந்த மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. பண்ணை மீன் தீனியை உடனே எடுக்கும், தொட்டியைக் கண்டு மிரளாது. டாம்சல் மலிவு, சாகாது, ஆனால் அடுத்து வரும் எந்த மீனையும் வாழ விடாது. ப்ளூ டேங், வளையக் குறி ஏஞ்சல் இரண்டும் பெரிதாக வளரும். இரண்டடியில் வைப்பது பாவம்.

அந்த ஜோடியை நேராக டேங்கில் விடாமல், ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு துண்டு பிவிசி குழாயும் போட்ட 40 லிட்டர் தனித் தொட்டியில் ஒரு மாதம் வையுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அங்கேயே மருந்து கொடுக்கலாம். அதற்கான செம்பு மருந்தைப் பெரிய டேங்கில் ஒருபோதும் ஊற்றக் கூடாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

ஸ்டாண்டு, ஸ்கிம்மர், வேவ் மேக்கர் தாராளமாக. ஸ்கிம்மரைச் சமையல் வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து புதிதுபோல் ஆகிவிடும். சில்லரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு வெப்பம் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கண்ணாடி டேங்க் என்றால் மூலைகளில் சிலிக்கான் உரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், வெட்டவெளியில் இரண்டு நாள் நிரப்பி வைத்துப் பாருங்கள். பழைய கல்லையும் மணலையும் இலவசமாகக் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இந்த டேங்கில் எப்போதாவது செம்பு மருந்து போட்டீர்களா? ஆமாம் என்றாலோ, ஞாபகமில்லை என்றாலோ கல்லையும் மணலையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.